அக்டோபர் மழை, டிசம்பர் காய்ச்சல்

புவி சூடானால் பூச்சி பெருகும், பூச்சி பெருகினால் நோய் பெருகும் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். வேலூரின் காய்ச்சல் கணக்கு அதற்கு ஒத்துவருவதில்லை. தமிழ்நாட்டில் வெயிலுக்குப் பேர்போன ஊர் இது. சித்திரை, வைகாசியில் சத்துவாச்சாரி ஆட்சியர் அலுவலகத்துக்கு மனுவோடு வருகிறவர்கள் நிழல் தேடி ஒதுங்கும் நாட்களில் வெப்பம் 42 டிகிரியைத் தொட்டுவிடும். அந்த மாதங்களில்தான் உண்ணிக்காய்ச்சல் இங்கே பெரும்பாலும் அடங்கிக் கிடக்கிறது. மழை பெய்து, வரப்பில் புல் தழைத்து, விடியற்காலையில் பனி இறங்கும் கார்த்திகை, மார்கழியில் அது தலைதூக்குகிறது.

இதை எண்களில் காட்டியவர்கள் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள். ஊரார் சி.எம்.சி. என்று சொல்லும் அந்த மருத்துவமனையில் 2005 முதல் 2020 வரை உறுதிசெய்யப்பட்ட உண்ணிக்காய்ச்சல் பதிவுகளை, அதே 15 ஆண்டு காலத்தின் வெப்பம், ஈரப்பதம், மழை ஆகியவற்றோடு அவர்கள் பொருத்திப் பார்த்தார்கள். 2024இல் ‘சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்’ இதழில் அந்த ஆய்வு வெளியானது. மாதச் சராசரி வெப்பம் ஒரு டிகிரி கூடும்போது நோயாளிகள் ஏறத்தாழ 19 விழுக்காடு குறைந்தார்கள். காற்றின் ஈரப்பதம் ஒரு புள்ளி கூடும்போது 7 விழுக்காட்டுக்கும் மேல் கூடினார்கள். மழையின் விளைவு மட்டும் உடனே தெரியவில்லை. அது சுமார் இரண்டு மாதம் கழித்து வந்தது.

இதை வைத்துக்கொண்டு, புவி ஒரு டிகிரி சூடானால் இந்த நோய் ஐந்தில் ஒரு பங்கு ஒழிந்துபோகும் என்று யாரும் மகிழ வேண்டாம். மாதத்துக்கு மாதம் வெப்பம் மட்டுமா மாறுகிறது? அதோடு சேர்ந்து மண்ணின் ஈரம், புல்லின் உயரம், அறுவடை, எலிகளின் பெருக்கம், வயலில் ஆட்கள் குனிந்து வேலை செய்யும் நேரம் எல்லாமே மாறுகின்றன. வெப்பம் என்ற ஒற்றை எண்ணுக்குள் இத்தனையும் ஒளிந்திருக்கின்றன. அந்த ஆய்வு நமக்குத் தருவது வேறொரு தெளிவு: வேலூரில் பருவநிலைக்கும் நோய்க்கும் இடையே ஓடும் கயிறு வெப்பத்தைவிட நீரில்தான் இறுக்கமாகக் கட்டப்பட்டிருக்கிறது. மழை எப்போது பெய்கிறது, பெய்த நீர் எங்கே தங்குகிறது, தங்காத காலத்தில் மனிதர்கள் அதை எதில் பிடித்துவைக்கிறார்கள் என்பதைக் கேட்காமல், இங்கே வரப்போகும் காய்ச்சல்களைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது.

உண்ணிக்காய்ச்சல் என்ற பெயரே கொஞ்சம் வழிதவறச் செய்கிறது. நாயின் காதிலும் மாட்டின் மடியிலும் தொங்கும் உண்ணி இதைப் பரப்புவதில்லை. பரப்புவது அதன் தூரத்து உறவான, கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஒரு சிற்றுண்ணியின் இளம்புழு. கால் மில்லிமீட்டர் அளவுகூட இருக்காது. மழை விழுந்த மறுநாள் செம்மண் நிலத்தில் ரத்தச் சிவப்பாக ஊர்ந்து போகும் தம்பலப்பூச்சியைப் பார்த்திருப்போம். சங்கப் புலவர்கள் மூதாய் என்று பாடியது அதைத்தான். அந்தச் சாதுவான பூச்சிக்கு நெருங்கிய உறவு இந்தச் சிற்றுண்ணி. முல்லை நிலத்தில் கார்காலத்தின் அடையாளமாக மூதாயைக் கண்டவர்கள், அதன் சொந்தக்காரனும் அதே மழைக்குக் காத்திருப்பதை அறிந்திருக்க வழியில்லை.

இந்த உயிரின் வாழ்க்கையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால்தான் இரண்டு மாத இடைவெளி புரியும். வளர்ந்த சிற்றுண்ணி மனிதரைக் கடிப்பதில்லை. மண்ணுக்குள் மற்றப் பூச்சிகளின் முட்டைகளைத் தின்று வாழ்கிறது. ஈர மண்ணில் முட்டையிடுகிறது. முட்டையிலிருந்து வரும் ஆறுகால் புழு மட்டும் புல்நுனிக்கும் சருகின் மேலுக்கும் ஏறி, கடந்து போகும் உடலுக்காகக் காத்திருக்கிறது. பெரும்பாலும் அது எலியாகவோ மூஞ்சூறாகவோ இருக்கும். புதுச்சேரியிலும் தமிழ்நாட்டிலும் பொறிவைத்துப் பார்த்தவர்களுக்கு இந்தப் புழுக்களோடு அதிகம் சிக்கியது மூஞ்சூறுதான். விலங்கியல்படி மூஞ்சூறு எலி இனமே அல்ல. ஆனால் வீட்டோரம், மாட்டுத்தொழுவம், வயல் என மூன்றுக்கும் நடுவே ஓடித்திரிவது அதுதான் என்பதால் அதன் இடம் முக்கியமானது.

புழு தன் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் ஓர் உடலில் ஒட்டி உணவெடுக்கும். அப்படியானால் அதற்குக் கிருமி எங்கிருந்து வந்தது? தாயிடமிருந்து. ஓரியென்ஷியா சுட்சுகமுஷி என்ற பாக்டீரியா சிற்றுண்ணியின் முட்டை வழியாகத் தலைமுறை தலைமுறையாக இறங்கிவருகிறது. நோயின் கருவூலம் மூஞ்சூறோ எலியோ அல்ல, அந்தச் சிற்றுண்ணியேதான். எலியைக் கொன்றால் நோய் போகும் என்ற நினைப்பு இங்கே பலிக்காது. தொற்றிய ஒரு திட்டுப் புல்வெளி பல ஆண்டுகளுக்குத் தொற்றிய திட்டாகவே இருக்கும். அதற்குப் பத்தடி தள்ளி உள்ள புல்லில் ஒன்றும் இருக்காது. தோல்வழியே நீரை இழந்துவிடும் இவ்வளவு சிறிய உயிருக்குக் கோடை வெயில் சாவு. மழையும் ஈரக் காற்றும் வந்தால் முட்டை, புழு, அடுத்த பருவம் என்று சக்கரம் சுழலத் தொடங்குகிறது. அந்தச் சுழற்சிக்கும், கடிபட்டபின் காய்ச்சல் வரும் பத்து நாளுக்கும், காய்ச்சல் கண்டவர் மருத்துவமனை வந்துசேரும் தாமதத்துக்கும் சேர்த்தால் இரண்டு மாதம் ஆகிவிடுகிறது.

கடித்த இடத்தில் பலருக்கு ஒரு புண் வரும். வலிக்காது, அரிக்காது. நடுவில் கறுத்துப் பொருக்குக்கட்டி, சிகரெட்டால் சுட்டதுபோல இருக்கும். வேலூரில் 2005 முதல் 2010 வரை சிகிச்சை பெற்ற 623 பேரில் 55 விழுக்காட்டினருக்கு அந்தப் புண் இருந்தது. 9 விழுக்காட்டினர் இறந்தார்கள். ஆண்களுக்கு அக்குள், தொடை இடுக்கு, பிறப்புறுப்பு ஆகிய இடங்களிலும் பெண்களுக்கு மார்பு, வயிறு ஆகிய இடங்களிலும் அது அதிகம் காணப்படுகிறது என்பதையும் சி.எம்.சி. மருத்துவர்களே பதிவுசெய்திருக்கிறார்கள். இவை எல்லாம் ஆடை மறைக்கும் இடங்கள். கூட்டம் நிரம்பிய புறநோயாளிப் பிரிவில், மூன்று நிமிடத்தில் ஒரு நோயாளியைப் பார்த்தாக வேண்டிய மருத்துவர் ரவிக்கையைத் தளர்த்தச் சொல்லித் தேடுவாரா? வயலில் களையெடுத்துவிட்டு வந்த பெண், கூடவந்த மாமனார் முன்னால் அதைக் காட்டுவாளா? நோயறியும் திறமை இந்தக் கூச்சத்தின் முன்னால்தான் பலநேரம் தோற்றுப்போகிறது. திரை போட்ட ஒரு மூலையும் ஒரு செவிலியரும் இருந்தால் பாதி வேலை முடிந்துவிடும் என்பது எவ்வளவு எளிய உண்மை!

*

இந்த நோய் புதிதாக முளைத்ததல்ல. ஜப்பானியர் நூற்றாண்டுகளாக அறிந்தது. சுட்சுகமுஷி என்பதே அவர்கள் மொழியில் தீங்கு செய்யும் பூச்சி என்ற பொருள் தரும் சொல். இரண்டாம் உலகப் போரில் அசாம், பர்மா முனையில் போரிட்ட படைகளையும் இலங்கைக் காடுகளில் பயிற்சி பெற்ற படைகளையும் அது வாட்டியது. அப்போது மருந்தில்லை. 1948இல் கோலாலம்பூரில் நடந்த சோதனையில்தான் குளோராம்ஃபெனிகால் இதைக் குணப்படுத்துகிறது என்று தெரிந்தது. அதன்பின் டெட்ராசைக்ளின் வகை மருந்துகளும் வந்தன. எந்தக் காய்ச்சல் என்று தெரியாமலே அவற்றைக் கொடுத்துக் குணப்படுத்திய காலத்தில் உண்ணிக்காய்ச்சல் பாடப்புத்தகத்தின் ஒரு மூலைக்குப் போய்விட்டது. மருந்துப் பழக்கம் மாறி, அதற்குப் படியாத வேறு ஆன்டிபயாட்டிக்குகள் முதலிடம் பிடித்தபின் அது மறுபடி கண்ணில் பட்டது. வேலூரில் 2001 அக்டோபரிலிருந்து 2002 பிப்ரவரி வரை நீடித்த ஓர் எழுச்சியைப் பற்றி 2003இல் வெளியான கட்டுரையின் தலைப்பிலேயே குளிர்மாதங்கள் என்ற குறிப்பு இருந்தது. பருவம் என்ற துப்பு அன்றே கிடைத்துவிட்டது.

வேலூருக்குக் காய்ச்சலைக் கூர்ந்து பார்க்கும் பழக்கம் அதற்கும் முந்தியது. இந்தியாவில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் முதன்முதலில் கண்டறியப்பட்டது 1955இல், அன்றைய வட ஆர்க்காட்டின் வேலூரில். 1964இல் இங்கே சிக்குன்குனியா பரவியபோது, அதே சமயம் டெங்குவும் உலவியதை இங்கிருந்த ஆய்வாளர்கள் பதிவுசெய்தார்கள். அந்தக் குழுவில் இருந்த பூச்சியியலாளர் ரேச்சல் ரூபன் வட ஆர்க்காட்டுக் கொசுக்களை ஆண்டுக்கணக்கில் சேகரித்து எழுதிய கட்டுரைகள், இன்றைய மாற்றத்தை எதனோடு ஒப்பிடுவது என்று கேட்பவருக்குக் கிடைக்கும் அரிய அடித்தளம். பிற்பாடு மதுரையில் மருத்துவப் பூச்சியியல் ஆய்வு மையத்தை வழிநடத்தியபோது, நெல்வயலில் நீரை இடைவிட்டுப் பாய்ச்சினால் மூளைக்காய்ச்சல் பரப்பும் கியூலெக்ஸ் கொசுப்புழுக்கள் குறைவதை அவரும் அவர் குழுவினரும் வயலிலேயே செய்து காட்டினார்கள். கொசு மருந்தைத் தேடாமல் மடைவாயைத் தேடிய அறிவு அது. பருவநிலை பற்றிப் பேசும் இன்றைய மேடைகளில் அந்தப் பெயர் கேட்பதில்லையே என்ற வருத்தம் எனக்கு உண்டு.

1955இன் அந்தக் கண்டுபிடிப்புக்கும் உண்ணிக்காய்ச்சலுக்கும் இடையே எதிர்பாராத ஓர் உறவு பின்னால் வந்தது. உத்தரப் பிரதேசத்தின் கோரக்பூர் பகுதியில் 1978 முதல் ஆண்டுதோறும் மழைக்காலத்தில் குழந்தைகள் மூளைவீக்கத்தால் இறந்தார்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே எல்லோரும் நம்பினார்கள். தடுப்பூசி போட்டும் சாவு நிற்கவில்லை. சென்னையில் உள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்தின் மனோஜ் முர்ஹேகரும் பிறரும் 2015, 2016 ஆண்டுகளில் ஆராய்ந்தபோது அந்தக் குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இருந்தது உண்ணிக்காய்ச்சல். சில ரூபாய் விலையுள்ள டாக்சிசைக்ளின் அல்லது அசித்ரோமைசின் முதல் வாரத்திலேயே கிடைத்திருந்தால் அவர்களில் பலர் பிழைத்திருப்பார்கள். விறகை வீட்டுக்குள் அடுக்குவது, மாட்டுத்தீவனம் கையாள்வது, வயல்வெளியில் மலம் கழிப்பது ஆகியவை அங்கே ஆபத்தைக் கூட்டின. இவற்றுள் வேலூர்ச் சிற்றூர்களுக்கு அந்நியமானது எது?

வேலூர் வட்டாரச் சிற்றூர்களில் தொற்று எவ்வளவு ஆழமாக இருக்கிறது என்பது அண்மையில்தான் தெரிந்தது. சி.எம்.சி.யும் லண்டன் சுகாதார, வெப்பமண்டல மருத்துவப் பள்ளியும் சேர்ந்து 37 கிராமங்களில் 32,000க்கும் மேற்பட்டவர்களை 2020 முதல் 2022 வரை இரண்டு ஆண்டு பின்தொடர்ந்தன. களப்பணியாளர்கள் ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை வீடுவீடாகப் போய், காய்ச்சல் வந்ததா என்று கேட்டார்கள். ரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். 2025இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் முடிவு வெளியானது. ஆண்டுக்குப் பத்தில் ஒருவர் வரை தொற்றுக்கு ஆளாகிறார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் அதை உணர்வதே இல்லை. சிறு பங்கினருக்குக் காய்ச்சல் வருகிறது, அதில் சிலருக்கு நுரையீரலும் சிறுநீரகமும் மூளையும் பாதிக்கப்படுகின்றன. மருத்துவமனைப் பதிவேட்டில் நாம் காண்பது பனிமூட்டத்துக்கு மேல் தெரியும் மலையுச்சி மட்டும்தான்.

கடுமையாக நோயுற்றவர்களுக்கு எந்த மருந்து என்ற கேள்விக்கும் விடை வேலூரிலிருந்தே போனது. ஜார்ஜ் எம். வர்கீஸ் தலைமையில் இந்தியாவின் ஏழு மையங்களில் 794 நோயாளிகளிடம் நடத்திய சோதனை 2023இல் அதே இதழில் வந்தது. டாக்சிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்து நரம்பு வழியே கொடுத்தவர்களில் 33 விழுக்காட்டினருக்கே இறப்போ, ஒரு வாரம் கடந்தும் தீராத சிக்கலோ, ஐந்தாம் நாளிலும் விடாத காய்ச்சலோ ஏற்பட்டது. தனித்தனியாகக் கொடுத்தவர்களில் அது 47, 48 விழுக்காடு. இறப்பு எண்ணிக்கையை மட்டும் எடுத்தால் மூன்று குழுவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தாமதமாக வந்துசேர்ந்தவரை எந்த மருந்துச் சேர்க்கையும் முழுதாகக் காப்பாற்றிவிடாது.

*

இனி வேலூரின் இன்னொரு காய்ச்சல். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி கொசு, சிற்றுண்ணிக்கு நேர்மாறான வாழ்க்கை வாழ்கிறது. அதற்கு வயலும் வரப்பும் வேண்டாம். படுக்கையறையின் இருண்ட மூலையும், மொட்டைமாடியில் மூடாத ஒரு டிரம்மும் போதும். வெப்பத்தோடு அதன் உறவு நேர்கோட்டில் போவதில்லை. கொசுவின் உடலுக்குள் புகுந்த டெங்கு வைரஸ் அதன் உமிழ்நீரை எட்ட 25 டிகிரியில் சராசரியாக 15 நாள் ஆகும். 30 டிகிரியில் ஒரு வாரம் போதும். கொசுவின் ஆயுளே சில வாரங்கள்தான் என்பதால் இந்த ஒரு வாரச் சேமிப்பு பெரிய விஷயம். 29 டிகிரியை ஒட்டி டெங்கு பரவும் வேகம் உச்சத்துக்குப் போகிறது. 34ஐத் தாண்டினால் கொசுவே தளர்ந்து, பரவல் சரிகிறது.

அப்படியானால் வேலூர்க் கோடை டெங்குவைச் சுட்டெரித்துவிட வேண்டும் அல்லவா? வானிலை நிலையத்தின் 42 டிகிரி, வெட்டவெளிக் காற்றின் கணக்கு. சமையலறைத் தொட்டிக்கு அடியில், கட்டிலுக்குக் கீழே, துணி தொங்கும் கொடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் கொசு அந்தக் கணக்கில் வாழவில்லை. அது நம்முடைய நிழலில் வாழ்கிறது. புவி சூடாவதன் விளைவு இங்கே மே மாதத்தில் பெரிதாகத் தெரியாது. மார்கழி, தை இரவுகளில்தான் தெரியும். முன்பு 20 டிகிரிக்குக் கீழே இறங்கி வைரஸின் வேகத்தைக் கட்டிப்போட்ட இரவுகள் வெதுவெதுப்பாக நிற்கத் தொடங்கினால், டெங்கு மாதங்கள் நீளும். ஏலகிரி, ஜவ்வாது மலையூர்களுக்கு இதுவரை குளிர் தந்த காவலும் தளரும். மலைக்கு ஏறும் டெங்குவை நேபாளம் கண்டுவிட்டது. 2004இல் முதல் நோயாளியைப் பதிவுசெய்த அந்த நாட்டில் 2022இல் 54,000க்கும் மேற்பட்டோருக்கு டெங்கு வந்தது.

ஆனால் வேலூரில் டெங்குவின் கதையை வெப்பமானியால் மட்டும் எழுத முடியாது. ஊரார் வேலூரைக் கிண்டல் செய்து அடுக்கும் ‘இல்லாத’வற்றுள் நீரில்லாத ஆறும் ஒன்று. பாலாற்றில் மணல் அள்ளப்பட்டது. ஊற்று வற்றியது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று ஆற்றோரம் நீண்ட தோல் பதனிடும் தொழில், உப்பும் குரோமியமும் கலந்த கழிவால் கிணறுகளைக் கெடுத்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28 அன்று தந்த தீர்ப்பு, இந்தியச் சூழல் சட்டத்தின் மைல்கல் என்று சட்டக்கல்லூரிகளில் படிக்கப்படுகிறது. தோல் தொழில் நடக்கும் பகுதியில் ஏறக்குறைய 35,000 எக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ பாழானது என்ற மதிப்பீடு அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது.

கிணறு உப்புக்கரித்தால் வீட்டுக்குள் நீர் வந்து குவியும். நாள்விட்டு நாள் வரும் குழாய்த் தண்ணீர், லாரித் தண்ணீர், குடம் இவ்வளவு என்று விலைக்கு வாங்கும் தண்ணீர். குடம், அண்டா, நீலநிற டிரம், தரைத்தொட்டி, மாடித்தொட்டி. மழை பொய்க்கும் ஆண்டில் இவை இன்னும் பெருகும். 2019 ஜூலையில் இதே வட்டாரத்தின் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் போனது நினைவிருக்கும். அப்படிப்பட்ட வறட்சியில் தெருவில் ஒரு சொட்டு நீர் இராது. வீட்டுக்குள் இருக்கும். ஏடிஸின் முட்டையோ வறண்டு ஒட்டிக்கொண்டே மாதக்கணக்கில் உயிரோடு கிடந்து, நீர் பட்டதும் பொரியும். ஆகவே மழை அதிகமானாலும் இங்கே டெங்கு, மழை குறைந்தாலும் டெங்கு. வறட்சியும் வெள்ளமும் மாறிமாறி வரும் என்று பருவநிலை ஆய்வாளர்கள் சொல்லும் எதிர்காலம், இரண்டு பக்கமும் கூரான கத்தியாகவே இந்த ஊரை வந்தடைகிறது. சத்துவாச்சாரியின் ஒரு தெருவில் டிரம்களுக்கு மூடி கிடைப்பதும், குழாயில் தினம் தண்ணீர் வருவதும் டெங்கு ஒழிப்புப் பணியே. வீடுவீடாக ஏறி இறங்கி அபேட் மருந்து ஊற்றும் கொசு ஒழிப்புப் பணியாளர்களைத் தினக்கூலிக்கு வைத்துக்கொண்டு, நோய் தணிந்ததும் வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் எனக்கு நியாயமாகப் படவில்லை. எந்தத் தெருவில் எந்த வீட்டுத் தொட்டியில் புழு வரும் என்பதை அவர்களைவிட அறிந்தவர் யார்?

பாழான 35,000 எக்டேர் பற்றி இன்னொரு கேள்வி எனக்குள் நெடுநாளாக இருக்கிறது. உண்ணிக்காய்ச்சலின் ஆங்கிலப் பெயரில் உள்ள ‘ஸ்கரப்’ என்பது புதர். காடு அழித்து, பயிரிட்டு, பிறகு கைவிட்டு, புதர் மண்டிய நிலங்களில்தான் இந்த நோய் செழித்தது என்று போர்க்காலத்திலிருந்தே எழுதிவருகிறார்கள். உப்பேறிய வயலை உழவர் கைவிட்டபோது அங்கே சீமைக்கருவேலமும் கோரையும் வளர்ந்தன. ஊரும் புதரும் ஒட்டிக்கொண்டன. அந்தப் புதரில் எத்தனை மூஞ்சூறு, எத்தனை சிற்றுண்ணி என்று யாராவது எண்ண வேண்டும். உப்பு மண் சிற்றுண்ணிக்கு ஒவ்வாமலும் இருக்கலாம். அப்படியானால் அதுவும் பயனுள்ள செய்திதான்.

உப்பு நோய்க்கு வேலி என்று நம்பி இருந்துவிடுவதற்கும் இல்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சின்னத்தம்பி சுரேந்திரனும் அவரோடு பணியாற்றிய ரஞ்சன் ராமசாமியும், நன்னீரில் மட்டுமே வளரும் என்று நம்பப்பட்ட ஏடிஸ் கொசுக்களின் புழுக்களை இலங்கையின் வடக்கு, கிழக்குக் கரையோரத்தில் உவர்நீரில் கண்டார்கள். கடல்மட்டம் உயர்ந்து கிணறுகள் உவர்க்கும்போது கொசு விலகிப்போகாது, பழகிக்கொள்ளும் என்பது அவர்கள் எச்சரிக்கை. அங்கே உப்பு கடலிலிருந்து வருகிறது, இங்கே தோல் ஊறவைக்கும் தொட்டியிலிருந்து வருகிறது. வேலூரின் உவர்க்கிணறுகளிலும் யாராவது குனிந்து பார்த்தால் நல்லது. இலங்கை நமக்குத் தரும் பாடம் இன்னொன்றும் உண்டு. 2016 செப்டம்பரில் மலேரியா ஒழிந்த நாடு என்று உலகச் சுகாதார நிறுவனம் அதற்குச் சான்று தந்தது. சில மாதங்களுக்குள், அதுவரை அந்தத் தீவில் காணப்படாத அனாபிலிஸ் ஸ்டீபன்சி கொசு மன்னாரில் பிடிபட்டது. நம் நகரங்களின் மேல்நிலைத் தொட்டிகளிலும் கிணறுகளிலும் மலேரியா வளர்க்கும் அதே இனம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உண்மையான உண்ணி பரப்பும் கியாசனூர்க் காட்டு நோய் 1957இல் கர்நாடகத்தின் சிமோகா மாவட்டத்தில் கண்டறியப்பட்டது. 2012, 2013 காலத்தில் பந்திப்பூரை ஒட்டி நீலகிரிக் காடுகள்வரை அதன் தடயம் வந்துவிட்டது. காட்டு விளிம்பில் மாடு மேய்ப்பவரும் வனத்துறைக் காவலரும் அதற்கு முதலில் ஆளாகிறார்கள். எலியின் சிறுநீர் கலந்த நீரில் கால்வைத்தால் வரும் எலிக்காய்ச்சல், வெள்ளத்தின் பின்னாலேயே நடந்துவரும் நோய். 2021 நவம்பரில் நூறாண்டுக்கும் மேலாகக் காணாத வெள்ளம் பாலாற்றில் கரைபுரண்டபோது ஆற்றோரத் தெருக்கள் சேற்றில் கிடந்தன. வெறுங்காலோடு சேறு வாரியவர்கள் துப்புரவுப் பணியாளர்களும் அந்தத் தெருக்களின் பெண்களும். எலிக்காய்ச்சலையும் உண்ணிக்காய்ச்சலையும் முதல் சில நாளில் பிரித்தறிவது அனுபவமுள்ள மருத்துவருக்கும் கடினம். நல்லவேளையாக டாக்சிசைக்ளின் இரண்டுக்கும் கேட்கும். மழைக்காலக் காய்ச்சலுக்கு அந்த மாத்திரையை முதலிலேயே நினைத்துப் பார்க்கும் பழக்கம் ஆரம்பச் சுகாதார நிலையங்களில் வேரூன்றினால் பல உயிர் மிஞ்சும்.

வெதுவெதுப்பான காற்று ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும். பத்து நாள் பெய்ய வேண்டிய மழை இரண்டு நாளில் கொட்டுவதற்கு அது ஒரு காரணம். வேலூருக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. இரண்டும் இடம்மாறினால், தாமதித்தால், நீண்டால், அதற்கேற்ப உண்ணிக்காய்ச்சலின் மாதங்களும் நகரும். டிசம்பரில் மட்டும் இதை நினைக்கப் பழகிய மருத்துவருக்கு ஆகஸ்டில் வந்த நோயாளி புலப்படாமல் போகக்கூடும். பருவம் என்பது கண்டறிய உதவும் துப்பு. அந்தத் துப்பே நகர்கிறது என்பதுதான் பருவநிலை மாற்றம் மருத்துவமனைக்குள் வந்து நிற்கும் விதம்.

2025 தொடக்கத்தில் தமிழ்நாடு பொதுச் சுகாதாரத் துறை உண்ணிக்காய்ச்சல் எச்சரிக்கை வெளியிட்டது. பாதிப்புள்ள மாவட்டங்களில் வேலூரும் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் இருந்தன. எச்சரிக்கை சரிதான், ஆனால் அது ஜனவரியில் வந்தது. அந்த ஜனவரிக் காய்ச்சலுக்கான மழை நவம்பரிலேயே பெய்து முடிந்திருந்தது. 1939இலேயே இந்தியாவில் முதன்முதலாகப் பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றிய மாநிலம் இது. மழையை அளக்கிறோம், காய்ச்சலையும் எண்ணுகிறோம். இரண்டும் தனித்தனிப் பேரேடுகளில் கிடக்கின்றன. ஒன்று வருவாய்த் துறையின் வழியாகப் போகிறது, மற்றது சுகாதாரத் துறையின் வழியாக.

வட்டாரவாரியான அன்றாட மழையளவு வந்துசேரும் இடம் சத்துவாச்சாரியில் இருக்கும் ஆட்சியர் அலுவலகம். அக்டோபரில் அந்த அளவை எழுதும் அன்றே, அதே மேசையில், டிசம்பருக்கு எந்த ஆரம்பச் சுகாதார நிலையத்தில் எத்தனை எலைசா சோதனைப் பெட்டி, எத்தனை அட்டை டாக்சிசைக்ளின், எந்தக் கிராமத்தில் காய்ச்சல் கேட்டுவர யார் என்று எழுதிவிட முடியும். நடுவில் இரண்டு மாதம் இருக்கிறது.